வெயில் ஊருக்கும் வார்ம்-அப் வேண்டும்: ஐம்பதைத் தாண்டிய உடம்பின் முதல் பத்து நிமிடம்

"எங்க ஊர் வெயிலுக்கு உடம்பைத் தனியா வேற சூடாக்கணுமா?" தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரில் வார்ம்-அப் என்று பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத ஊர்கள் இவை. நாலு எட்டு வைப்பதற்குள் முதுகு நனைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கைகாலை ஆட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பது பட்டணத்துப் பழக்கம் போலத்தான் தெரியும்.

முதலில் அந்த வியர்வையைப் பார்ப்போம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். சுரக்கிற வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தேங்கி நிற்கிறது. சும்மா நின்றாலும் சட்டை நனைவதற்குக் காரணம் அதுதான். உள்ளே தசை வேலைக்குத் தயாராகிவிட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை. உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளில் மிகக் கீழே இறங்குவது விடியலுக்குச் சற்று முன்பு, நாலு ஐந்து மணி வாக்கில். நடைப்பயிற்சிக்கும் கடலுக்கும் கிளம்புகிற நேரமும் அதுவேதான். ஓய்வில் இருக்கும் தொடைத் தசை, 37 டிகிரி உள்வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி குறைவாகவே இருக்கும். அசைய ஆரம்பித்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் வேகமாக ஏறி, 10 முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு நிலைக்கு வரும். அந்த இரண்டு மூன்று டிகிரியில் தசை வேகமாகச் சுருங்குகிறது, நரம்பின் சேதி விரைவாக ஓடுகிறது, ரத்தம் சுமந்து வரும் ஆக்ஸிஜனை எளிதாகத் தசையிடம் இறக்கிவிடுகிறது.

சூடு என்பது இதில் ஒரு பங்குதான். இளவயதில் உடம்பு சீக்கிரமே முடித்துவிடும் பல வேலைகளுக்கு வயதானால் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் முழு வேகத்தைக் கேட்டால்தான் காயம். வார்ம்-அப் அந்த இடைவெளியைக் கடப்பதற்கான வழி. எந்த வேலைக்காக அதைச் செய்கிறோமோ அந்த வேலையின் சாயல் அதில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

இதயத்திலிருந்து தொடங்கலாம். ஓய்வில் இருக்கும்போது இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தசைகளுக்குப் போகிறது. கடும் உழைப்பில் அது ஐந்தில் நாலு பங்கைத் தாண்டும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்க்கொண்டிருந்ததைத் திருப்பிவிட வேண்டும். கால் தசைகளில் சுருங்கிக் கிடக்கும் நுண்குழாய்கள் திறக்க வேண்டும். வயதாக ஆக ரத்தக்குழாய்ச் சுவர்கள் விறைத்துப்போவதால் இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களுக்கும் இதே கதைதான். 1973இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. நோய் எதுவும் இல்லாத 44 ஆண்களை, எந்த முன்தயாரிப்பும் இல்லாமல், டிரெட்மில்லில் 10 முதல் 15 வினாடி வரை வெகு வேகமாக ஓட வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் இசிஜியில், இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான மாற்றங்கள் தெரிந்தன. லேசான ஓட்டத்தில் உடம்பைத் தயார்செய்துவிட்டு அதே வேகத்தில் ஓடியபோது பெரும்பாலோருக்கு அது மறைந்தது அல்லது குறைந்தது. ஓடியவர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறவருக்கு அந்த முதல் சில வினாடி எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து தசைநாண். தசையையும் எலும்பையும் இணைக்கும் வெள்ளைக் கயிறு. ஊரில் பொதுவாக நரம்பு என்றே சொல்லிவிடுவோம். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்தால் அகப்படுகிறதே, அதுதான் உடம்பிலேயே தடிமனான தசைநாண். அதைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்த ஒரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 1955 முதல் 1963 வரை திறந்த வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறியது. அந்த ஆண்டுகளில் உடம்பில் உருவான திசுக்களில் அதன் தடம் பதிந்தது. அந்தத் தடத்தை வைத்துக் குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டபோது, அதன் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசை அப்படி இல்லை, அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதாவது அறுபது வயதுக்காரர் ஊன்றி நடப்பது பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் உருவான தசைநாணில். நாற்பது வருடத்தில் அதன் இழைகளுக்கிடையே கூடுதல் பிணைப்புகள் விழுந்து விறைத்துப் போயிருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. அறுந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கரையில் பல நாள் காய்ந்து கிடந்த வலைக்கயிறு நனைந்து நாலு இழுவை கண்ட பிறகுதான் கைக்கு வளைந்து கொடுக்கும். இதுவும் அப்படித்தான், மெல்ல மெல்லப் பாரம் ஏற்ற ஏற்றத்தான் இளகும்.

தொண்டிப் பக்கம் ஒரு ஊரில் பொங்கல் கபடி. இளைஞர்களின் ஆட்டமெல்லாம் முடிந்து, கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு ஆட்டம் வைத்தார்கள். ஐம்பது வயதுக்கு அருகில் இருக்கும் ஒருவர், ஒரு காலத்தில் பேர் வாங்கிய ஆட்டக்காரர், மத்தியானத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சித்தப்பு, நீங்க இறங்கினாத்தான் ஆட்டமே" என்று பையன்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். எழுந்தார், வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு டவுசரோடு இறங்கினார், இரண்டாவது முறை பாடிப் போனபோதே ஒருவரைத் தொட்டும் விட்டார். திரும்பிக் கோட்டை நோக்கிப் பாய இடது காலை ஊன்றி உந்தியபோது 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. கீழே விழவில்லை. நின்று, பின்னால் திரும்பி, "யாருடா மிதிச்சது?" என்று கோபமாகக் கேட்டார். பின்னால் யாருமே இல்லை. நொண்டிக்கொண்டு தானே நடந்து வெளியே வந்தார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி, பத்து நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனார். அங்கே மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். நல்ல காலில் அழுத்தினால் பாதம் கீழ்நோக்கி அசையும். அடிபட்ட காலில் பாதம் அப்படியே கிடந்தது. தசைநாண் அறுந்திருக்கிறது.

பின்னாலிருந்து யாரோ மிதித்தது போலவோ கல்லால் அடித்தது போலவோ தோன்றுவது இந்தக் காயத்தின் தனி அடையாளம். மற்ற சிறு தசைகளின் உதவியால் ஒருமாதிரி நடக்க முடிவதால், சுளுக்கு என்று ஏமாந்துபோகிறவர்கள் பலர். முப்பது முதல் ஐம்பது வயது வரையுள்ள, எப்போதாவது விளையாடுகிற ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. 'டப்' சத்தம் கேட்டு, நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால் எண்ணெயையும் உருவலையும் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாள் கடக்கக் கடக்க அறுந்த முனைகள் விலகிப்போய்ச் சிகிச்சை கடினமாகிவிடும்.

முதுகுக்கு வருவோம். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் எழும்போது நாம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். அந்த உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் முழுக்கக் குனிந்து பாரம் தூக்கினால், வட்டுகளின் மேல் விழும் அழுத்தம் பிற்பகலில் குனிவதைவிட மடங்குக் கணக்கில் அதிகம். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் காலையில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததை 1998இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. எழுந்ததும் குனிந்து காலைத் தொடுவதை உடற்பயிற்சியாகச் செய்யும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் அதை மாலைக்கு மாற்றிக்கொண்டால் நல்லது.

இதை நம் கரையில் நடக்கும் இரண்டு வேலைகளில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். கரைவலை இழுப்பவர்களில் வயதானவர்கள் கணிசம். அவர்கள் தனியாக வார்ம்-அப் செய்வதில்லை. ஆனால் வேலையின் ஓட்டமே அதைச் செய்துவிடுகிறது. முதலில் தளர்ந்து கிடக்கும் கயிறு, அப்புறம் வலையின் கை, கடைசியில்தான் மீன் சேரும் பையான மடி. கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடந்து, விட்டு, திரும்ப முன்னால் போய்ப் பிடிக்கிறார்கள். அம்பாப் பாட்டு இழுவைக்கு ஒரு தாளம் கொடுத்து, எல்லோருடைய வேகத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறது. மடியின் பாரம் கைக்கு வரும்போது உடம்பு ஏற்கெனவே அதே அசைவைப் பல முறை செய்து பழகியிருக்கும். இதைவிடப் பொருத்தமான வார்ம்-அப்பை எந்த ஜிம்மும் சொல்லிக்கொடுக்க முடியாது.

கரையேற்றி வைத்த சிறு படகைத் தண்ணீருக்குத் தள்ளுவதோ நேர் எதிர். இருட்டில் எழுந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, மணலில் வந்து நின்று, முதுகை வளைத்துத் தோளைக் கொடுத்து, "தள்ளு" என்றதும் முதல் வினாடியிலேயே முழு பலம். உப்பியிருக்கும் வட்டு, விறைத்த குதிகால், காலடியில் நழுவும் மணல் எல்லாம் அந்த ஒரே வினாடியில் கூடுகின்றன. என்ஜினைத் தூக்கித் தோளில் வைப்பதும் இதே ரகம். கடல் வேலையில் இடுப்பு போனவர்களிடம் விசாரித்தால், கடலுக்குள் போன பிறகு போனதா, கரையிலேயே போனதா என்று கேட்டுப் பாருங்கள். என் காதில் விழுந்த கதைகளில் கரை அதிகம்.

தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு வேறு மாதிரி. படகில் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்து போய், இறங்கியதும் மூழ்கிப் பாறையில் பிடுங்கும் வேலை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கைகளை முன்னும் பின்னும் வீசித் தண்ணீரைத் தள்ளி, அங்குமிங்கும் நடந்துவிட்டு முதல் மூழ்கு போட்டால் தோளுக்கும் மூச்சுக்கும் பெரிய உதவி. அதற்கு மூன்று நிமிடம் போதும்.

சரி, வார்ம்-அப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூட டிரில்தான். காலை நீட்டு, குனிந்து விரலைப் பிடி, அசையாமல் எட்டு எண்ணு. இந்த நீட்டிப் பிடித்தலுக்குக் காயத்தைத் தடுக்கும் சக்தி இருப்பதாக உலகம் முழுக்க வெகுகாலம் நம்பினார்கள். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 1538 ராணுவப் பயிற்சி வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரு பிரிவும் உடம்பை அசைத்துச் சூடாக்கிக்கொண்டது. ஒரு பிரிவு மட்டும் கூடுதலாகக் கால் தசைகளை நீட்டிப் பிடித்தது. கால் காயங்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்குப் பின் வந்த தொகுப்பாய்வுகளும் அதே பக்கம்தான். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அதன் வலு சற்று நேரத்துக்குக் குறைவதாகவும் தெரியவந்தது. அதற்காக நீட்டுவதே கெடுதல் என்று சொல்லவில்லை. விறைத்த இடுப்புக்கும் தோளுக்கும் அது வேண்டும். பயிற்சி முடிந்த பிறகோ, சாயங்காலம் சாவகாசமாகவோ செய்யலாம்.

காயத்தைக் குறைத்ததாக நல்ல ஆதாரம் உள்ள வார்ம்-அப், கால்பந்துக்காக உருவாக்கப்பட்ட 'ஃபிஃபா 11+'. சுமார் 20 நிமிடம். மெதுவான ஓட்டம், பிறகு கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான வலுப் பயிற்சி, ஒற்றைக்காலில் நின்று சமநிலை, குதித்துச் சரியாக இறங்குவது, கடைசியில் வேகமான ஓட்டம். 2008இல் நார்வேயில் 125 மன்றங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், கடுமையான காயங்கள் பாதியளவுக்கும் குறைந்தன. ஆடியவர்கள் சிறுமிகள், நாம் பேசுவது பாட்டி தாத்தாக்களைப் பற்றி. அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: உடம்பைச் சூடாக்கியதால் மட்டும் வந்த பலன் அல்ல இது. வலுவும் சமநிலையும் வாரக்கணக்கில் சேர்ந்ததால் வந்தது. வயதானவர்களுக்கும் சமநிலை, வலுப் பயிற்சிகளால் கீழே விழுவது சுமார் கால்வாசி குறைகிறது என்பதை நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டுகிறது. முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. முதலில் போவது வேகமாகச் சுருங்கும் இழைகள். கால் வழுக்கும்போது சட்டென்று மறுகாலை எடுத்து வைக்க உதவுபவை அவை. ஆகவே அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒற்றைக்கால் நிலையையும் குதிகால் உயர்த்தலையும் நுழைத்துவிட்டால் ஒரே செலவில் இரண்டு காரியம் முடியும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எழுபது வயதிலும் நாள்தோறும் ஐந்து வேளை தொழுகையில் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து, கையூன்றாமல் எழுகிற பெரியவர்களைப் பார்க்கிறேன். தரையில் உட்கார்ந்து எழும் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவரின் இடுப்பும் முழங்காலும், சோஃபாவுக்கும் நாற்காலிக்கும் மாறிவிட்டவரின் இடுப்பையும் முழங்காலையும்விட நன்றாக இயங்குகின்றன. நம் வீடுகளிலிருந்து பாயும் தரைச் சாப்பாடும் போய்க்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நடைமுறையில் என்ன செய்வது? அறுபது வயதுக்காரர் காலையில் நடக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து அரை மணி நேரமாவது வீட்டுக்குள் நடமாடிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பட்டும். முதல் ஐந்து நிமிடம் கடைக்குப் போகிற நடை போதும். பிறகு ஒரு சுவரையோ கரையில் நிற்கும் படகின் விளிம்பையோ பிடித்துக்கொண்டு, கணுக்காலை இருபுறமும் சுழற்றலாம். காலை முன்னும் பின்னும் ஊசலாட விடலாம். நாற்காலியில் உட்காரப் போவது போலப் பாதி உட்கார்ந்து பத்து முறை எழலாம். குதிகாலை மெதுவாக உயர்த்தி இன்னும் மெதுவாக இறக்கட்டும், இதுவும் பத்து முறை. ஒவ்வொரு காலிலும் பத்து வினாடி ஒற்றைக்காலில் நிற்கட்டும், சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தோளை உருட்டி, கைகளைப் பெரிய வட்டமாகச் சுற்றலாம். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மடங்கி நீளும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருவதே அதற்கு உணவு. முழங்கால் 'பிடித்துக்கொண்ட' மாதிரி இருப்பது பத்துப் பதினைந்து மடக்கலுக்குப் பிறகு தளர்வதை யாரும் உணரலாம். அதன் பிறகு வேக நடை, அதையும் படிப்படியாக.

போதுமா என்று தெரிந்துகொள்ள வியர்வையை நம்ப வேண்டாம் என்று சொன்னேன். மூச்சைக் கவனியுங்கள். மூச்சு சற்று வேகமாக வர வேண்டும், ஆனால் கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடங்கலின்றிப் பேச முடிய வேண்டும். எழுந்தபோது இருந்த விறைப்பு போயிருக்க வேண்டும். இளைஞருக்கு ஐந்து நிமிடத்தில் வரும் இந்த நிலைக்கு அறுபதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். கோடையில் எட்டு மணிக்கு மேல் வெயிலில் நின்று நீட்டி முழக்க வேண்டாம். நிழலில் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

மணலில் நடப்பவர்களுக்கு ஒரு சொல். உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி செலவாகிறது என்று 1998இல் அளந்திருக்கிறார்கள். குதிகால் ஒவ்வொரு அடியிலும் புதைவதால் கெண்டைக்காலுக்கும் தசைநாணுக்கும் வேலை கூடுதல். அரியமான் கடற்கரைக்குப் போனால் தார்ச்சாலையிலேயே பத்து நிமிடம் நடந்துவிட்டு, பிறகு அலை நனைத்த இறுகிய மணலுக்கு வரலாம். உலர்மணல் கடைசியில்தான். அலையோர மணல் ஒரு பக்கம் சரிந்திருக்கும்; போன வழியே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சரிவு பங்காகும். சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். சிப்பி கிழித்தது தெரியாமலே புண்ணாகிவிடும்.

மருந்துகள் பற்றிப் பொதுவாக யாரும் சொல்வதில்லை, ஆனால் வயதானவர்களின் வார்ம்-அப்பில் இது பெரிய விஷயம். அட்டனலோல், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறுவதைப் பிடித்து வைக்கும். அவற்றை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை வைத்து முடிவெடுக்காமல், மேலே சொன்ன பேச்சுக் கணக்கையே பின்பற்றட்டும். வேகத்தையும் இன்னும் மெதுவாக ஏற்றட்டும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு சேர்த்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கு இந்த மாத்திரை எடுத்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் குதிகாலுக்கு மேலே வலி வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்ம்-அப்பின்போதே நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால், 'சூடானதும் சரியாகிவிடும்' என்று தொடரவே கூடாது. உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து நிறுத்துவது நல்லது. கால்களில் திறந்துவிட்ட ரத்தக்குழாய்கள் உடனே மூடாது. அப்படியே நின்றால் ரத்தம் கீழே தேங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தால் இரண்டு மாத ஓய்வை ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் வலை பின்னுவது, படகுக்கு மராமத்து, பெயிண்ட் என்று பெரும்பாலும் உட்கார்ந்தும் குனிந்தும் செய்யும் வேலைகள். இழுக்கிற, தூக்கிச் சுமக்கிற வலு சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். வயதானவர்களுக்கு அது திரும்ப ஏற அதைவிட அதிக நாள் பிடிக்கும். ஜூன் நடுவில் தடை முடிந்ததும், ஒரே ராத்திரியில் பழைய முழுப் பாரம். தோளும் இடுப்பும் குதிகாலும் அந்த முதல் வாரத்தில்தான் கோளாறு கொடுக்கும். ஐம்பதைத் தாண்டிய கடல்தொழிலாளர்கள் மே நடுவிலிருந்தே தயாராகத் தொடங்கலாம். வீட்டு வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குவது. 1998இல் ஸ்வீடனில் குதிகால் தசைநாண் வலிக்குக் கொடுத்துப் பார்த்த பயிற்சி இது. அங்கே 15 முறை வீதம் 3 சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம் செய்யவைத்தார்கள். வலி இல்லாதவர் நாளுக்கு ஒரு வேளை 15 முறையில் தொடங்கினால் போதும். கூடவே பாதி உட்கார்ந்து எழுதல், ஒரு கயிற்றைத் தூணில் கட்டி அதைப் பிடித்து உடம்பை இழுத்தல். பிறகு முதல் நாள் படகடியில், "தள்ளு" என்பதற்கு முன்னால், கரையிலேயே ஐந்து நிமிடம் நடந்து, பத்து முறை பாதி உட்கார்ந்து எழுந்து, படகை இரண்டு மூன்று முறை அரை பலத்தில் லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் முழு பலம்.

ஊர்க் கபடிக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் ஆட்டம் வைப்பது அருமையான வழக்கம், அதை நிறுத்த வேண்டாம். நாற்காலியிலிருந்து நேராகக் களத்துக்கு இழுக்காமல், மைக்கில் கால் மணி நேரம் முன்பே பெயர்களைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் களத்தின் ஓரத்தில் நடக்கட்டும், மெதுவாக ஓடட்டும், குதிகாலை உயர்த்தட்டும், கோட்டைத் தொட்டுத் திரும்பும் அசைவை அரை வேகத்தில் நாலு முறை செய்து பார்க்கட்டும். சூடான தசை மறுபடி ஆற, சும்மா உட்கார்ந்தால் பதினைந்து இருபது நிமிடம் போதும். அதனால் மாற்று ஆட்டக்காரராக வெளியே காத்திருப்பவருக்கும் நாற்காலி போடாமல், கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள்.